கலைவழி ஊழியம்: சென்னைச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் கலைக்குழுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். நாடகம், பறை, கீர்த்தனை, கொஞ்சம் நடனம், கொஞ்சம் ஓவியம் என்று எல்லாவற்றிலும் கைவைத்திருக்கிறோம். மற்ற சபைகளின் வாலிபர்கள், ஆயர்கள், சில கத்தோலிக்கப் பங்குகளின் அருட்சகோதரிகள் என்று பலரும் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. எங்களுக்குத் தெரிந்தது சென்னை. கிராமத்துச் சபைகளுக்கு இதில் சில பொருந்தாமல் போகலாம்.

கலைவழி ஊழியம் என்றால் என்ன? கிறிஸ்துமஸ் நாடகம் போடுவதா?

அதுவும் சேர்ந்ததுதான். ஆனால் டிசம்பரில் மூன்று வாரம் ஒத்திகை பார்த்து, 24-ஆம் தேதி இரவு போட்டுவிட்டு, வேட உடைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அதை ஊழியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆண்டு முழுக்க ஒரு குழு கூடி, பாட்டிலும் கூத்திலும் படத்திலும் வேதத்தை வாசித்து, அதைத் தான் வாழ்கிற தெருவுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழகுவதைத்தான் நாங்கள் அந்தப் பெயரால் அழைக்கிறோம். ஆலயத்துக்குள் நடப்பதும் உண்டு, மார்க்கெட் முனையில் நடப்பதும் உண்டு. இரண்டுக்கும் உழைப்பு ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லுங்கள், ஆள் சேர்க்கத்தானே இதெல்லாம்?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களிலேயே சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பறையை அடித்துக் கூட்டம் சேர்த்து, கூட்டம் சேர்ந்ததும் பறையை ஓரமாக வைத்துவிட்டு மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பிரசங்கம் செய்வது எங்களுக்கும் முதலில் பழக்கமாகத்தான் இருந்தது. ஒருநாள் எங்களுக்குப் பறை சொல்லிக்கொடுத்த அண்ணன் கேட்டார்: "நான் அடிச்சதுல நீங்க சொல்ல வந்தது இல்லையா? அப்புறம் எதுக்கு என்னை அடிக்கச் சொன்னீங்க?" எங்களிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நாடகத்துக்குப் பின்னால் பிரசங்கம் வைப்பதை விட்டுவிட்டோம். துண்டுப் பிரசுரமும் கொடுப்பதில்லை. நாடகம் நல்ல சமாரியனைச் சொன்னால் அதைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்வோம். பார்த்தவர் வந்து பேசினால் பேசுவோம், டீ வாங்கித் தந்தால் குடிப்போம். கலை மீன் பிடிக்கிற தூண்டிலில் மாட்டுகிற புழு என்று நினைக்கிறவர்களால் நல்ல நாடகம் போட முடியாது. பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சபைகளைப் பார்த்து வந்த புதுப் பழக்கம் இல்லையா?

நம்மிடம் இது இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட சங்கதி. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி'யை எழுதியது 1800-இல். குறத்தி வந்து குறி சொல்லும் நாட்டு நாடக வடிவத்தை எடுத்து, அதில் கிறிஸ்துவின் கதையை வைத்தார். சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூர்ச் சூழலில் வளர்ந்த அவருக்குக் குறவஞ்சியும் கீர்த்தனையும் தாய்ப்பால் மாதிரி. அதற்கும் முன்னால் வீரமாமுனிவர் இயேசுவை வளர்த்த யோசேப்பின் கதையைத் 'தேம்பாவணி'க் காப்பியமாகப் பாடியிருக்கிறார். இன்றைக்கும் நம் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் தொடக்கம் 1853: அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியார் பாடல்கள் உட்படத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். 'சத்தாய் நிஷ்களமாய்' பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வந்தது. ஆபிரகாம் பண்டிதர் தமிழிசை பற்றி எழுதிய 'கருணாமிர்த சாகரம்' 1917-இல். கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தை உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், யார் எந்த ஆண்டு யூதாசாக நடித்தார் என்பதுவரை சொல்வார்.

ஆனால் இந்தப் பாரம்பரியத்தைச் சுத்தத் தங்கமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் கீர்த்தனைகளையும் உள்ளூர் வழக்கங்களையும் எதிர்த்தபோது சாஸ்திரியார் அவர்களோடு போராடினார். அந்தப் போராட்டத்தில் அவர் நின்றதால்தான் நமக்குக் கீர்த்தனைகள் மிஞ்சின. அதே மூச்சில் சபைக்குள் சாதி வழக்கங்களையும் அவர் ஆதரித்தார். பாட்டை வாங்கிக்கொண்ட நாம் அந்தக் கணக்கையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம். அடுத்த கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பறையை ஆலயத்துக்குள் அடிக்கலாமா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். அடிக்கலாம். அடிக்க வேண்டும் என்றே சொல்வேன்.

தடை வேதத்தில் இல்லை. 150-ஆம் சங்கீதம் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, நடனம், யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கூப்பிடுகிறது. பறை சாவு வீட்டுக்கு அடிப்பது, அடிப்பவர்கள் இன்ன சாதி என்கிற எண்ணம்தான் தடை. அந்த எண்ணத்தோடு எழுந்து போய் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை ஒரே பாத்திரத்தில் எடுப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பறையை எதிர்ப்பவர்களில் சிலர் அதை அடித்த குடும்பங்களின் பிள்ளைகளே. ஊர் அவர்கள்மேல் சுமத்திய வேலையை உதறியபோது அவர்களுடைய பாட்டன்மார் பறையையும் சேர்த்து உதறினார்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒருவருக்கு விடுதலையின் ஓசையாகக் கேட்பது இன்னொருவருக்குப் பழைய அவமானமாகக் கேட்கும். அவர்களிடம் மேடையில் இருந்து விளக்கம் சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எங்களுக்கு வழி காட்டியவர் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று அன்போடு அழைப்பார்கள். 2005-இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைகளில் ஊறிய சபைகளுக்கு நாட்டுப்புற மெட்டிலேயே ஒரு வழிபாட்டு முறையை எழுதிக் கொடுத்தார். 'ஒரே உலை' என்பது அவர் விடாமல் சொன்ன கருத்து: எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே பானையில் பொங்கி எல்லாரும் உண்பது. அவரைப் பொறுத்தவரை திருவிருந்தும் அதுதான், நல்ல பாட்டும் அதுதான்.

நாங்கள் முதன்முதலில் அடித்த நாள் ஓர் அறுப்பின் பண்டிகை. விடியற்காலைப் பனியில் தோல் தொய்ந்து போயிருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் பழைய செய்தித்தாளையும் காய்ந்த தென்னை ஓலையையும் போட்டுத் தீ மூட்டினோம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற செக்ஸ்டன் ஐயா பதறி ஓடி வந்தார், பந்தலுக்குப் பக்கத்தில் நெருப்பா என்று. பறை சொல்லிக்கொடுத்த அண்ணன் வேப்பமரச் சட்டத்தைப் பிடித்துத் தோலைத் தீக்கு நேரே காட்டிச் சுழற்றுவார், விரலால் ஒரு தட்டு தட்டுவார், காதருகே கொண்டுபோவார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தீயில் காட்டுவார். ஐந்தாறு முறைக்குப் பிறகு அந்த மந்தமான சத்தம் போய் 'டங்'கென்று ஒரு கணீர் ஓசை வந்தது. இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டு பேர் உள்ளே போய் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது பறையைக் காய்ச்ச நான் திரும்பி வந்து பார்த்தால், செக்ஸ்டன் ஐயா அதைக் கையில் எடுத்துத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் காட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவருடைய அப்பா பறை அடித்தவர். முப்பது ஆண்டுக்கு மேல் அந்தச் சபையில் வேலை பார்த்தும் அதை ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை.

கானா பாடலாமா?

பாடுகிறோம். வடசென்னையில் கானா முதலில் சாவு வீட்டுப் பாட்டு. இறந்தவரின் வாழ்க்கையை விடிய விடியச் சொல்லி அழவைக்கும், சிரிக்கவும் வைக்கும். லாசருவின் சாவுக்கு இயேசு கண்ணீர் விட்ட காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான இசை சென்னையில் எனக்குத் தெரிந்து இல்லை. சினிமாக் கானாவின் மெட்டை அப்படியே எடுத்து 'அல்லேலூயா' போட்டு நிரப்பாதீர்கள். பாடுகிற பையனையே எழுதச் சொல்லுங்கள். 2018 ஜனவரியில் சாதிக்கு எதிராகக் கானாவும் ராப்பும் பாடுகிற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் மேடை கீழ்ப்பாக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. பள்ளியின் மைதானத்தில்தான் நடந்தது. அது சபை நிகழ்ச்சி இல்லை. ஆனாலும் நம் மைதானங்கள் எதற்குத் திறந்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு எண்ணம் கிடைத்தது.

பரதநாட்டியம் கோயில் நடனம் ஆயிற்றே, அதை எப்படி ஆலயத்தில் ஆடுவது?

இரண்டு பக்கத்தில் இருந்தும் இந்தக் கேள்வி வரும். நம் சபையார், "இது அவர்கள் நடனம்" என்பார்கள். வெளியில் சிலர், "எங்கள் நடனத்தை ஏன் எடுக்கிறீர்கள்" என்பார்கள். சதிர் என்று ஆடப்பட்ட காலத்தில் அதை உயிரோடு வைத்திருந்தது தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார்களும். 1930-களில் அது பெயரும் மேடையும் மாறியது. கலாக்ஷேத்ரா 1936-இல் தொடங்கியது. யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்ற கேள்வி இந்த நடனத்துக்கு நம்மால் வந்ததில்லை.

கிறிஸ்தவர்கள் ஆடுவதும் புதிது இல்லை. பம்பாயில் 1964-இல் கத்தோலிக்கரின் உலக நற்கருணை மாநாடு நடந்து திருத்தந்தை ஆறாம் பவுல் வந்தபோது, அந்தேரி ஞான ஆசிரமத்தின் ஜார்ஜ் புரோக்ஷ் அடிகள் இந்திய நடனத்தில் கிறிஸ்துவின் கதையை மேடையேற்றினார். கத்தோலிக்கக் குருவாக இருந்த பிரான்சிஸ் பர்போசா பரதத்தை முறையாகக் கற்று, கிறிஸ்தவக் கருத்துகளுக்கென்று புதிய கைமுத்திரைகளை அமைத்தார். திருச்சியில் கலைக்காவிரி என்ற கிறிஸ்தவக் கலை நிறுவனம் 1977-இல் இருந்து கற்றுத்தருகிறது.

எங்கள் குழுவில் நாங்கள் கேட்பது இரண்டு. முதலாவது, குறைந்தது ஐந்தாறு ஆண்டாவது ஒழுங்காகக் கற்றவர்களே ஆட வேண்டும். சலங்கையை மாட்டிக்கொண்டு கையை விரித்துச் சுற்றிவந்தால் அது நடனத்துக்கும் மரியாதை இல்லை, ஆராதனைக்கும் மரியாதை இல்லை. அடுத்தது, குருவிடம் மறைக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஆடுகிற பெண் தன் குருவிடம் போய், "பெரிய வெள்ளிக்கு மரியாளின் புலம்பல் ஆடப் போகிறேன் மாமி" என்று சொன்னாள். அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, அப்போ முகாரியில் எடு" என்றார். ஒத்திகைக்கும் வந்து கரணத்தைத் திருத்திவிட்டுப் போனார்.

கர்நாடக இசையில் இயேசுவைப் பாடினால் சர்ச்சை ஆகிவிடாதா?

ஆகியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் கிறிஸ்தவப் பாடல்களைப் பாட இருந்த, பாடிய கர்நாடக வித்வான்களுக்கு மிரட்டல் வந்தது. ஓ.எஸ். அருண் ஒரு நிகழ்ச்சியில் இருந்து விலக வேண்டியிருந்தது. அதற்குப் பதிலடியாகப் பாடகர் டி.எம். கிருஷ்ணா மாதம் ஒரு பாடல் இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று அறிவித்தார்.

மிரட்டுவது தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு எழுந்த குறைகளில் ஒன்றை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்: இன்னொருவர் பக்தியோடு பாடிய கிருதியில் தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பாடுவது. நாம் அதைச் செய்யக் கூடாது. செய்ய வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. சாஸ்திரியாரும் கிருஷ்ணபிள்ளையும் ராகம் தாளம் போட்டு எழுதி வைத்தவை கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றில் பாதியை நம் சபைகள் பாடுவதே இல்லை. புத்தகத்தைத் திறந்து, யாரும் பாடாத பத்துக் கீர்த்தனைகளை எடுத்து, தெரிந்த ஒரு பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஆண்டுக்குப் போதும்.

அப்படியானால் மேல்நாட்டு மெட்டுப் பாமாலையும் கொயரும் ஆர்கனும் வேண்டாமா?

யார் சொன்னது? மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்கிற கொயர் 1893-இல் இருந்து பாடிக்கொண்டிருக்கிறது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் (கட்டி முடித்தது 1821) அந்த வட்டமான கூடத்தில், நட்சத்திரம் வரைந்த நீலக் குவிமாடத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒருமுறை நான்கு குரலில் பாமாலை கேளுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் சென்னை பாடிய பாட்டு சென்னையின் பாட்டுதான்.

ஓவியம், சிற்பம்?

நம் சி.எஸ்.ஐ. சபைகள் இதில் பலவீனம். நீலக் கண் இயேசு காலண்டரைத் தாண்டி நாம் போகவில்லை. எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கிய இடம். அதன் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1950-களில் இயேசுவை வரைந்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை. நம் பக்கத்துத் தெருவில் இப்படி ஒன்று நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்வது பெசலெயேலைப் பற்றி. அவன் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்கிற கைவினைஞன். லெந்து (தவக்கால) நாட்களில் சிலுவைப்பாதைக் காட்சிகளை வரைய ஒரு கவின்கலை மாணவரைக் கூப்பிடுங்கள். வண்ணத்துக்கும் உழைப்புக்கும் பணம் கொடுங்கள்.

நாடகம் எழுதுவது எப்படி? எங்களிடம் எழுத்தாளர் யாரும் இல்லை.

எங்களிடமும் இல்லை. வேதத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மூன்று முறை வாசிப்போம். பிறகு ஒரே ஒரு கேள்வி: இது நம் தெருவில் எங்கே நடக்கும்?

ஒரு லெந்து காலத்தில், பிடிபட்ட இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த பகுதியை எடுத்தோம். குளிர் காய்கிற நெருப்பு, கேள்வி கேட்கிற வேலைக்காரப் பெண், சேவல். ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி சொன்னான்: "ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற டீக்கடை அண்ணா. உள்ள ஃப்ரெண்டைப் புடிச்சு வச்சிருக்காங்க. வெளிய நிக்கிறவனைப் பாத்து டீக்கடை அக்கா கேக்குது, நீ அவன்கூட சுத்துறவன்தானேன்னு." நாடகம் அங்கேயே பிறந்துவிட்டது. இரண்டு வாரம் அதையே பேசிப் பேசி வசனம் உருட்டினோம். எழுதி மனப்பாடம் செய்யவில்லை.

புளியந்தோப்புப் பக்கம் ஒரு சந்து முனையில் போட்டோம். பன்னிரண்டு நிமிட நாடகம். மேடை இல்லை, ஒரு பாய்லரும் நான்கு கண்ணாடி டம்ளரும். பேதுருவாக நின்றவன் மூன்றாவது முறை, "எனக்கு அந்த ஆளை யாருன்னே தெரியாதுக்கா" என்று சொன்னபோது, பார்த்துக்கொண்டிருந்த பூக்காரம்மா ஒருவர் சத்தமாக, "பயந்துட்டாம்பா, பாவம்" என்றார். எங்கள் ஆயர் பின்னாளில் பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் அந்த அம்மாவின் வார்த்தையைச் சொன்னார். பேதுருவைக் கோழை என்று இத்தனை ஆண்டு பிரசங்கித்திருக்கிறேன், இரக்கத்தோடு பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை என்றார்.

சின்னச் சின்ன விஷயங்கள்: பதினைந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். வில்லன் எந்த மதத்தின், எந்தச் சாதியின் அடையாளத்தோடும் இருக்கக் கூடாது. குடிகாரன் பாத்திரத்துக்கு லுங்கி கட்டி, சென்னைப் பாஷை பேச வைத்து, திருந்தியதும் பேன்ட் போட்டுச் செந்தமிழ் பேச வைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்க்கிறவர்கள் லுங்கி கட்டித்தான் நிற்கிறார்கள்.

தெருவில் போட அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். எங்கே, எந்த நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று எழுதி, உள்ளூர்க் காவல் நிலையத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பூங்கா, மைதானம் என்றால் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டும். இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்கும் இது பொருந்தும், நள்ளிரவில் ஸ்பீக்கரோடு போவதை நாங்கள் நிறுத்தி வெகுநாள் ஆயிற்று.

முன்பு நாடகப் பிரதியையும் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்தது, 1954-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களாகிய நாமும் அதன் பலனை அனுபவிக்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

காவல் நிலைய அனுமதியைவிட முக்கியமானது தெருக்காரர்களின் அனுமதி. முந்தின நாளே போய், கடைக்காரர்களிடமும் பக்கத்தில் அம்மன் கோயில் இருந்தால் அதன் பெரியவரிடமும் பேசிவிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை மின்சாரம் கொடுத்ததே கோயில்காரர்கள்தான்.

எந்தப் பாடலையும் பாடலாமா? பதிப்புரிமைப் பிரச்சினை வருமா?

எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு முடிந்துவிட்டால் பாடல் பொதுச்சொத்து. அதனால் சாஸ்திரியார், கிருஷ்ணபிள்ளை பாடல்களுக்குத் தடை இல்லை. மெய்யான மதச் சடங்கில், அதாவது ஆராதனையில், பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்ட கச்சேரிக்கும் யூடியூபில் ஏற்றுவதற்கும் அந்த விலக்கு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இப்போது வாழ்கிறவர்களின் பாடல் என்றால் கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

செலவுக்குப் பணம்?

நாடகத்துக்கு அதிகம் ஆகாது. ஒத்திகைக்கு டீ, பன், பஸ் காசு. பறை வாங்க, தோல் மாற்ற ஆகும். இதில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: வெளியில் இருந்து வரும் கலைஞர்களுக்குக் கூலி கொடுங்கள். "ஊழியம்தானே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிப் பறைக் கலைஞரைச் சால்வை போட்டு அனுப்பிவிட்டு, அதே நாளில் சவுண்டு சிஸ்டம்காரருக்குப் பில்லைப் பார்த்து முழுப் பணம் கொடுக்கிற சபைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வலிக்கிறது. கச்சேரி நாளன்று கையிலேயே கொடுத்துவிட வேண்டும், அடுத்த கமிட்டிக் கூட்டம்வரை காக்க வைக்கக் கூடாது.

கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

ஆராதனைக்குள் கேட்காதீர்கள், முதலில் விபிஎஸ்ஸிலோ (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதப் பள்ளி), சபையார் கூடிச் சாப்பிடுகிற அசன விருந்திலோ செய்து காட்டுங்கள். எதிர்ப்பவரின் பேரப்பிள்ளை குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய்த் தனிக்குழு தொடங்கியவர்களைத் தெரியும். அவர்களில் நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள், ஆனால் பாட்டிகள் இல்லை. பாட்டிகள் இல்லாத குழுவில் பழைய பாட்டு நிற்காது.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது?

ஒத்திகை அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். உடை மாற்றும் இடம் தனியாக. இரவு ஒத்திகைக்குப் பிள்ளைகளைப் பெற்றோரே கூட்டிச்செல்ல வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012) சபை வளாகத்துக்கும் பொருந்தும். தவறு ஏதாவது தெரிந்தால் சபையின் மானம் என்று மூடி மறைக்காமல் காவல்துறையிடம் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

மற்ற மதத்தவர் குழுவில் சேரலாமா?

சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் தவில்காரர் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிறவர். எதற்கு வாசிக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். ஜெபம் செய்யும்போது அவர் விரும்பினால் நிற்பார், விரும்பாவிட்டால் வெளியே போய் டீ குடிப்பார். அதை யாரும் கணக்கு எடுப்பதில்லை.

எங்கே தொடங்குவது?

மூன்று பேர் போதும். பாடுகிறவர் ஒருவர், கதை சொல்லத் தெரிந்தவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் ஒருவர். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், யார் வந்தாலும் வராவிட்டாலும். எங்களுக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணி.

இத்தனை ஆண்டில் என்ன பலன் கண்டீர்கள்?

கணக்குக் கேட்கிறவர்களுக்கு என்னிடம் காட்ட எண்ணிக்கை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சபை ஹாலில் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வந்து தங்கின. பெரும்பாலோர் நாங்கள் நாடகம் போட்ட தெருக்காரர்கள். ஆலயக் கதவைத் தட்ட அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை, எங்களை ஏற்கெனவே தெரியும். முதல் நாள் இரவு போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்புறம் யாரோ ஞாபகம் வந்து நாடகப் பெட்டியைத் திறந்தார்கள். மேய்ப்பர்களுக்கென்று வைத்திருந்த கம்பளிகள், ராஜாக்களின் வெல்வெட்டு அங்கிகள், தேவதூதர்களின் வெள்ளை வேட்டிகள் எல்லாம் வெளியே வந்தன. காலையில் ஒரு கைக்குழந்தை ஏரோதின் அங்கிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்து போகும்போது அவர்கள் கம்பளிகளைத் துவைத்துக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் மேய்ப்பர்கள் லுங்கியும் தலையில் துண்டுமாக வந்து நின்றார்கள். இப்போதும் அப்படித்தான் வருகிறார்கள்.